மைதானத்தில் பட்ட காயம் எந்த ஏட்டில் இருக்கிறது?

மறுநாள் மாவட்ட அளவிலான கிரிக்கெட் போட்டி. காலை ஏழு மணிக்கே புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார் அவர். வயது 54. அந்த விளையாட்டுச் சங்கத்தின் மைதானத்தில் 19 ஆண்டு வேலை. புல்லில் பனி ஈரம் காயவில்லை. காலில் ரப்பர் செருப்பு. எல்லைக்கோட்டுப் பக்கம் உள்ள சரிவில் இயந்திரத்தைப் பின்னால் இழுத்தபோது கால் வழுக்கியது. சுழன்ற கத்தி வலது காலின் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது.

சங்கத்து ஆள் ஒருவர் பைக்கில் ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனார். வாசலில் இறக்கிவிடும்போது ஒரு வார்த்தை சொன்னார். "யாராவது கேட்டா, வீட்ல விறகு பொளக்கும்போது கோடாலி பட்டுச்சுன்னு சொல்லு. கிரவுண்டுன்னு சொன்னா போலீஸ் கேஸாகும், நாளைக்கு மேட்ச் நின்னுபோகும். உன்னை நாங்க பாத்துக்க மாட்டோமா?"

19 ஆண்டு கஞ்சி ஊற்றிய இடம் என்று நினைத்தார். சொன்னபடியே டாக்டரிடம் சொன்னார். டாக்டரும் கேட்டதை எழுதிக்கொண்டார். கையில் 2,000 ரூபாய் வந்தது. மறுநாள் போட்டி நடந்தது, கோப்பை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து அவர் நொண்டிக்கொண்டு வேலைக்குப் போனபோது, ஒப்பந்தக்காரர் வேறு ஆளைப் போட்டிருந்தார்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள்தான் ஒருநாள் மருத்துவமனைக் காகிதங்களை எடுத்து வரிவரியாகப் படித்தார். "அப்பா, இதுல எந்த இடத்துலயும் கிரவுண்டுங்கிற வார்த்தையே இல்லையே" என்றார்.

பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. இது ஒருவர் கதையும் அல்ல. மைதானத்தில் புல் வெட்டுகிறவர், சுண்ணாம்புக் கோடு போடுகிறவர், உருளை இழுக்கிறவர், விளக்குக் கம்பத்தில் ஏறுகிறவர், கேலரிக்குக் கம்பு கட்டுகிறவர், ஆட்டம் முடிந்ததும் கழிவறையைக் கழுவுகிறவர் என்று நம் காலனிகளிலிருந்து போகிறவர்கள் பலர். இவர்களுக்கு அடிபட்டால் அது எங்கே எழுதப்படுகிறது? பெரும்பாலும் எங்கேயும் இல்லை.

வீரர் விழுந்தால்...

2014 நவம்பர் 25 அன்று சிட்னி மைதானத்தில் ஆஸ்திரேலிய வீரர் பில் ஹியூஸின் கழுத்துப் பக்கம் பந்து தாக்கியது. இரண்டு நாளில் அவர் இறந்தார். உலகமே துக்கம் கொண்டாடியது; அது நியாயம்தான். ஆனால் துக்கத்தோடு அது நிற்கவில்லை. எந்தப் பந்து, எந்தத் தலைக்கவசம், மருத்துவ உதவி எப்போது வந்தது என்று எல்லாம் விசாரிக்கப்பட்டு எழுத்தில் வந்தது. தலைக்கவசத்தின் தரம் பற்றிய பேச்சு எழுந்தது. தலையில் அடிபட்ட வீரருக்குப் பதிலாக மாற்று வீரர் இறங்கலாம் என்ற விதி 2019 ஆகஸ்டில் சர்வதேச கிரிக்கெட்டுக்கு வந்தது. அந்த மாதமே லார்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார்.

ஒரு விபத்தை மறைக்காமல் எழுதி வைத்தால் அடுத்த உயிர் காப்பாற்றப்படும் என்பதற்கு விளையாட்டு உலகமே தரும் பாடம் இது. ஆனால் அந்தப் பாடம் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது. கோடு போட்டவருக்கு அது வருவதில்லை.

பாலு உருட்டிய மண்

இந்திய கிரிக்கெட்டின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர்களில் ஒருவர் பல்வங்கர் பாலு. தோல் வேலை செய்யும் தலித் சமூகத்தில் 1876இல் பிறந்தவர். அவர் மைதானத்துக்குள் முதலில் நுழைந்தது வீரராக அல்ல. புனேயில் ஆடுகளத்தைப் பெருக்கவும் உருளை இழுக்கவும் வேலைக்கு எடுக்கப்பட்டார். பூனா கிளப்பில் மாதச் சம்பளம் 4 ரூபாய். அங்கே வெள்ளைக்காரர்களுக்கு வலையில் பந்து போட்டுப் போட்டுத்தான் அவர் கை பழகியது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். ஆனால் அதற்கு முன்பே, புனேயில் இந்துக்கள் அணிக்கு ஆடியபோது, மற்றவர்கள் உள்ளே தேநீர் குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளையில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

பாலு எடுத்த விக்கெட்டுகள் ஏட்டில் இருக்கின்றன. உருளை இழுத்த காலத்தில் அவர் உடம்பு பட்ட பாடு எந்த ஏட்டிலும் இல்லை. 100 ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த இடைவெளி மாறவில்லை. அடிபட்டவன் நம் ஆள் என்றால், அவன் வலியைக் கணக்கில் எழுத வேண்டியதில்லை என்ற பழக்கம் அப்படியே இருக்கிறது. இதைச் சாதி என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "நம்ம ஆள்தானே, சொன்னா கேட்டுக்குவான்" என்று சொல்கிறார்கள்.

"இது சங்கம்தானே, கம்பெனியா?"

விளையாட்டு அமைப்புகள் வழக்கமாகச் சொல்லும் பதில் இது. லாபத்துக்கு நடத்தவில்லை, சேவை செய்கிறோம், தொழிலாளர் சட்டம் எங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பார்கள். இந்தப் பேச்சுக்கு நீதிமன்றங்கள் எப்போதோ பதில் சொல்லியாகிவிட்டது.

மெட்ராஸ் ஜிம்கானா கிளப் ஊழியர் சங்க வழக்கில், உறுப்பினர்களுக்காக நடக்கும் கிளப் ஒரு தொழில் அல்ல என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், அந்த நிலைப்பாட்டை மாற்றியது. ஆள் வைத்து, முறையாக, மக்களுக்கான சேவையை நடத்தினால் லாப நோக்கம் இல்லாவிட்டாலும் அது தொழில்தான் என்றது.

குதிரைப் பந்தயச் சங்கங்கள் இ.எஸ்.ஐ. சட்டத்துக்குள் வராது என்று வாதாடின. 2014இல் பெங்களூர் டர்ப் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2016இல் ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ப் கிளப் வழக்கில், பந்தய நாளுக்கு மட்டும் வேலைக்கு வரும் தற்காலிக ஆட்களும் அந்தச் சட்டத்தின்படி ஊழியர்களே என்று தீர்ப்பு வந்தது. 'அவன் டெய்லி கூலி, எங்கள் ஆள் இல்லை' என்று கைகழுவுகிறவர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

ஒப்பந்தக்காரர் தலையில் போடுவது அடுத்த தந்திரம். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அரங்கங்களும் பாலங்களும் கட்டியபோது, வெளி மாநில ஏழைத் தொழிலாளர்களின் கூலியில் இடைத்தரகர்கள் பிடித்தம் செய்தார்கள். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே வழக்கானது. அந்த ஆண்டு செப்டம்பரில் நீதிபதி பி.என். பகவதி தந்த தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒப்பந்தக்காரரிடம் வேலையை விட்டுவிட்டதாலேயே வேலை கொடுத்த அரசு அமைப்புகள் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவும், கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23ஆவது பிரிவும் அரசுக்கு எதிராக மட்டுமல்ல, தனியாருக்கு எதிராகவும் செல்லும். ஒரு விளையாட்டு விழாவின் பின்னால் நசுங்கிய கூலிகளால்தான் இந்தத் தீர்ப்பு நமக்குக் கிடைத்தது.

ஒரு வரி எழுதினால் என்ன கிடைக்கும்?

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். தொழிலாளர் சுகாதாரக் காப்பீட்டுக்கான அதார்க்கரின் அறிக்கை அந்தக் காலத்தில்தான் வந்தது. 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. வேலையில் அடிபட்டவன் முதலாளியின் தயவில் நிற்கக் கூடாது, உரிமையோடு கேட்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

இ.எஸ்.ஐ. விதிகளின்படி, வேலையில் அடிபட்டவர் எழுத்தாகவோ வாய்மொழியாகவோ நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லலாம். அவரால் முடியாவிட்டால் வேறொருவர் சொல்லலாம். நிர்வாகம் அதை விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தான காயம் என்றால் உடனேயும், மற்றவை விதி வைத்த கெடுவுக்குள்ளும் இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் சுமார் 90 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனம் என்றால் மாதந்தோறும் உதவித்தொகை உண்டு.

இ.எஸ்.ஐ.யில் சேராதவர்களுக்கு 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. இறப்பு என்றால் குறைந்தது 1,20,000 ரூபாய், முழு நிரந்தர ஊனம் என்றால் குறைந்தது 1,40,000 ரூபாய் என்று அது தரை வரம்பு வைத்தது. வயது, சம்பளத்தைப் பொறுத்துத் தொகை கூடும். விரல் போனது போன்ற பகுதி ஊனத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 விழுக்காடு வட்டி. காரணமின்றி இழுத்தடித்தால் 50 விழுக்காடு வரை அபராதமும் சேரும். 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாது. கேட்க வேண்டிய காலக்கெடு இரண்டு ஆண்டு. தமிழ்நாட்டில் இந்த மனுக்களை விசாரிப்பவர் தொழிலாளர் துறை அதிகாரி.

இந்த இரண்டு சட்டங்களும் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, நம் வேலை எந்த அட்டவணையில் வருகிறது என்பதைத் தொழிலாளர் அலுவலகத்திலோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ கேட்டு எழுதுவது நல்லது.

ஆனால் இவ்வளவும் ஒரே கேள்வியில் நிற்கிறது: காயம் வேலையில் பட்டதா? "வீட்டில் கோடாலி பட்டது" என்ற ஒரு வரி, 19 ஆண்டு உழைப்பைத் தள்ளிவிட்டு எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்கிறது.

கழிவுத்தொட்டியில் இறங்கச் சொன்னால்

போட்டி நாளில் கழிவறை நிரம்பி வழிந்தால், "கொஞ்சம் இறங்கிப் பாரு" என்று சொல்வது இன்னும் நடக்கிறது. அதைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுவோம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுத்தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டு சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறங்கச் சொன்னவர் சங்கச் செயலாளரா, ஒப்பந்தக்காரரா என்ற பேதம் இல்லை. பட்டியல் சாதியினரை மனிதக் கழிவை அள்ள வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றமாக 2015 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது.

சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்றது. மாரடைப்பு, மயக்கம் என்று எழுதி மறைக்கப் பார்ப்பது இதனால்தான். இறக்கச் சொல்வதைக் கண்டால் 14420 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

அடிபட்ட அன்றே செய்ய வேண்டியவை

1. முதலில் உயிர், சிகிச்சை. அதே நேரத்தில், மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: எந்த மைதானம், என்ன வேலை, எத்தனை மணி. அரசு மருத்துவமனையில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, கேட்டு வாங்குங்கள்.

2. பயத்தில் மாற்றிச் சொல்லியிருந்தால் அதோடு எல்லாம் முடிந்ததாக நினைக்க வேண்டாம். உண்மையையும், ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்பதையும் மருத்துவ அலுவலருக்கு உடனே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

3. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்ப வேண்டாம்.

4. சங்கத்துக்கும் ஒப்பந்தக்காரருக்கும் தனித்தனியாக ஒரு கடிதம். நாள், நேரம், இடம், செய்த வேலை, நடந்தது, பார்த்தவர் பெயர் ஆகிய ஆறும் இருந்தால் போதும். ஒப்புகை அட்டையுடன் அஞ்சலில் அனுப்புங்கள்.

5. போனில் படம் எடுங்கள்: இயந்திரம், அறுந்த வயர், வழுக்கிய இடம், காயம். கத்திக்கு மூடி இல்லை என்றால் அதுவும் படத்தில் தெரியட்டும்.

6. சம்பளம் வாங்கியதற்கான அடையாளம் எதுவானாலும் சேர்த்து வையுங்கள். வங்கி வரவு, போன் மூலம் வந்த பணம், வருகைப் பதிவேட்டின் படம், சங்கத்து அடையாள அட்டை எல்லாம் சாட்சிதான்.

7. வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று நிற்க வேண்டாம். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தரும். எண் 15100.

அடிபடாமல் தப்பியதையும் எழுதுங்கள்

பெரிய விபத்துக்கு முன் சிறியவை நடந்திருக்கும். மழையில் விளக்குக் கம்பத்தைத் தொட்டபோது லேசாக ஷாக் அடித்திருக்கும். கேலரிக் கம்பு ஒன்று ஆடியிருக்கும். மருந்து தெளித்தவருக்குத் தலை சுற்றியிருக்கும். "நல்லவேளை ஒண்ணும் ஆகல" என்று விட்டுவிடுகிறோம். 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டியின்போது பார்வையாளர் கேலரி சரிந்து ஏராளமானோர் காயமடைந்தார்கள். ஆடும் கம்பை முன்கூட்டியே சொல்லவும், சொன்னதைக் கேட்டு நிறுத்தவும் ஒரு முறை இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

ஊர்க் கபடிக் குழுவும் கிரிக்கெட் கிளப்பும் நடத்தும் மாணவர்கள் இதைத் தொடங்கலாம். 40 பக்க நோட்டு ஒன்று போதும். நாள், நேரம், யாருக்கு, என்ன, எப்படி, என்ன சரிசெய்தோம் என்று ஆறு கட்டம் போடுங்கள். வீரருக்குச் சுளுக்கியதையும் எழுதுங்கள், பந்தல் போட்ட அண்ணனுக்கு ஆணி குத்தியதையும் எழுதுங்கள். இரண்டும் ஒரே நோட்டில், ஒரே பேனாவில் இருக்க வேண்டும். போட்டிக்கு வசூலாகும் பணத்தில் கோப்பைக்கு ஒதுக்குவதற்கு முன் வேலை செய்கிறவருக்கு பூட்ஸும் கையுறையும் வாங்குங்கள். அரசு நடத்தும் அரங்கமாக இருந்தால், விபத்துப் பதிவேடு இருக்கிறதா, கடந்த ஆண்டில் எத்தனை பதிவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம்.

விரல்களை இழந்தவரின் மகள் சும்மா இருக்கவில்லை. இரண்டு ஆண்டுக் கெடு முடிய ஏழு மாதம் இருந்தபோது சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனார். ஏ.ஆர். காப்பியில் கோடாலி இருக்கிறது. ஆனால் அன்று இயந்திரத்தில் இருந்த ரத்தத்தைக் கழுவியவர் உடன் வேலை செய்த இன்னொருவர். அவர் இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறார். சாட்சி சொன்னால் வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். மூன்று முறை வீட்டுக்குப் போய்க் கேட்ட பிறகு, "நாளைக்கு என் காலும் அதே மெஷின்லதானே இருக்கு, தாயி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மனு விசாரணையில் இருக்கிறது. முடிவு என்னவாகும் என்று இப்போது சொல்ல முடியாது. அந்த மைதானத்தில் வேலை செய்கிற ஐந்து பேரும் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். சங்க அலுவலகத்தில் வைக்க அனுமதி கிடைக்கவில்லை. பம்ப் செட் அறையில், உருளைக்குப் போடும் எண்ணெய் டப்பாவுக்கு மேலே வைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் முதல் வரியாக, நடந்து ஓராண்டுக்கு மேலானாலும், அந்தச் சனிக்கிழமையை எழுதியிருக்கிறார்கள்: காலை 7 மணி, புல்வெட்டும் இயந்திரம், வலது கால், இரண்டு விரல்.